கரு எங்கே என்று நான் கேட்கவில்லை

அந்த மாதம் நாள் தள்ளிப் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை. வழக்கமான தேதிக்கு இரண்டு நாள் பிந்தி ரத்தம் பட ஆரம்பித்தது. நிறம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பழுப்பும் கறுப்பும் கலந்து, தண்ணீர் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. நான்கு நாளில் நிற்க வேண்டியது ஒன்பது நாள் ஆகியும் நிற்கவில்லை. இடது அடிவயிற்றில் விட்டு விட்டு ஒரு குத்தல் வேறு. வாயுப் பிடிப்பு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் அக்காவிடம் போனில் பேசும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" என்றாள்.

"பீரியட்ஸ்தான் வந்துடுச்சேக்கா."

"வந்தா என்ன, ஒரு தடவ பண்ணிப் பாரு."

பாசிட்டிவ். இரண்டு வருடமாக எதிர்பார்த்திருந்த கோடு அது. குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் முழுக்க முழுக்கச் சந்தோஷம்தான். ரத்தம் படுவது அப்போது நினைவில்கூட இல்லை.

மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னப் பை தெரிவதாகவும், ஐந்து வாரம் இருக்கலாம் என்றும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர், ஆரம்பம்தானே, ஓய்வெடுங்கள் என்று சொல்லி, ரத்தம் படுவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். வலி எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வயிறு லேசாக வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். கரு எங்கே இருக்கிறது, அது உறுதியாகத் தெரிகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. கரு என்றால் கர்ப்பப்பையில்தான் இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று நாளில் குத்தல் அதிகமாகி வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் அந்த ஸ்கேன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள யோக் சாக் தெரியலையேம்மா" என்றார். கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் மிகச் சின்ன வளையம் அது. அது பைக்குள் தெரிந்தால்தான் கர்ப்பம் கர்ப்பப்பைக்குள் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியுமாம். கரு வேறு எங்கோ இருக்கும்போதும், கர்ப்ப ஹார்மோன்களால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து, நடுவில் கொஞ்சம் நீர் தேங்கி, பை மாதிரியே தோற்றம் காட்டுவதுண்டு. எனக்கு நடந்தது அதுதான். ஆரம்ப கால ஸ்கேனில் பை தெரிகிறது என்று சொன்னால், யோக் சாக் தெரிகிறதா என்று கேளுங்கள். இன்னும் தெரியவில்லை, நாள் போதாது என்று பதில் வந்தால் அதில் தவறில்லை. ஆனால் அது தெரியும் வரை விஷயம் முடிவாகவில்லை என்று நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அன்றே ரத்தத்தில் பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்ப ஹார்மோனின் அளவு, பார்த்தார்கள். 612. சரியாக 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 790. ஏறியிருக்கிறதே, நல்லதுதானே என்றேன். ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்றார் மருத்துவர். ஆரம்ப அளவு 1,500க்குக் கீழே இருக்கும்போது, நல்லபடியாக வளரும் கருவென்றால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதமாவது கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு 29 சதவீதம். கலைந்துகொண்டிருக்கும் கரு என்றால் எண் இறங்கும். ஏறியும் ஏறாமலும், இறங்கியும் இறங்காமலும் இழுத்துக்கொண்டிருந்தால், கரு கருக்குழாயில் தங்கிவிட்டதோ என்று சந்தேகம் வருமாம். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள போக்குதான் சேதி சொல்லும். அதனால் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள், இடைவெளியையும் மாற்றாதீர்கள்.

அந்த நாட்களில் என் கோப்பின் மேல் 'இடம் தெரியாத கர்ப்பம்' என்று எழுதியிருந்தது. டெஸ்ட் பாசிட்டிவ், ஆனால் ஸ்கேனில் எங்கும் கரு தெரியவில்லை என்ற நிலைக்கு அதுதான் பெயர். இந்த நிலையில் வரும் எல்லோருக்கும் இடம் மாறிய கர்ப்பம்தான், அதாவது கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய எக்டோபிக் கர்ப்பம்தான், என்று ஆகிவிடாது. சிலருக்கு ஒரு வாரத்தில் உள்ளேயே கரு தெரிந்துவிடும், சிலருக்குத் தானாகக் கலைந்துவிடும். தெரியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவரை ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய இடத்தில், யாராவது துணையோடு இருக்க வேண்டும். எனக்கு இதைச் சொன்னார்கள், நானும் கேட்டேன். பிற்பாடு என் உயிர் பிழைத்தது அதனால்தான்.

மூன்றாவது முறை 1,040. அன்று உள்வழி ஸ்கேனில், இடது சினைப்பைக்குப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு வளையம் மாதிரி ஒன்று தெரிந்தது. மருத்துவர் கருவியால் லேசாக அழுத்திப் பார்த்தார். சினைப்பை ஒரு பக்கம் நகர, வளையம் தனியாக நின்றது. அப்படியென்றால் அது சினைப்பைக் கட்டி இல்லை, குழாயில் இருப்பது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இதுதான்மா" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "அத எடுத்து உள்ள வெக்க முடியாதா டாக்டர்?"

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அவர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. "முடியாதும்மா. அப்படி ஒரு வழி இன்னும் மருத்துவத்துல இல்ல. இருந்தா செய்ய மாட்டோமா?"

கருமுட்டையும் விந்தணுவும் சேர்வதே கருக்குழாயில்தான். அங்கிருந்து கரு மெல்ல நகர்ந்து சில நாளில் கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளும் தசை அசைவும்தான் அதை நகர்த்திக்கொண்டு வருகின்றன. அந்த ஓட்டம் எங்காவது தடைப்பட்டால் கரு வழியிலேயே ஒட்டிக்கொள்கிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி ஆகிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில்தான். அபூர்வமாகச் சினைப்பையிலோ, கர்ப்பப்பை வாயிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ, வயிற்றுக்குள்ளோ ஒட்டுவதும் உண்டு. கர்ப்பப்பை மாதிரி விரிந்து கொடுக்கக் குழாய்க்குத் தெரியாது. வளர விட்டால் அது கிழியும், உள்ளே ரத்தம் கொட்டும். அந்தக் கரு எந்த வகையிலும் பிழைக்காது, தாயாவது பிழைக்க வேண்டும் என்பதுதான் நிலைமை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது.

ஏன் எனக்கு என்ற கேள்வியும் அதே இரவில் வந்தது. மாடிப்படி ஏறினதா, பயணம் போனதா, கனமான பெட்டியைத் தூக்கினதா என்று ஒவ்வொன்றாகத் தோண்டினேன். இவை எதுவும் காரணம் இல்லை. முன்பு ஒரு முறை இப்படி வந்திருப்பது, இடுப்புக்குழியில் வந்த பழைய தொற்று, குழாயில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், புகைப்பழக்கம், சோதனைக்குழாய் முறையில் கருத்தரிப்பது, வயது 35ஐத் தாண்டுவது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கிளமிடியா மாதிரி பாலுறவால் பரவும் தொற்று வந்த சுவடே தெரியாமல் குழாயைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இடம் மாறிய கர்ப்பம் வந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்தக் காரணங்களில் ஒன்றுகூட இருப்பதில்லை. எனக்கும் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், காப்பர் டி போட்டிருப்பவர்களும் கர்ப்பமாவது மிகக் குறைவு. ஆனால் அதையும் மீறிக் கரு தங்கினால், அது குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் 'நமக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே' என்று வலியை ஒதுக்கிவிடக் கூடாது. வலியும், ஒழுங்கில்லாத ரத்தப்போக்கும் சேர்ந்து வந்தால் முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை. அது சில நிமிட வேலை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். வழிகள் மூன்று. எண் குறைவாக இருந்து தானாகவே இறங்கிக்கொண்டும் இருந்தால், எதுவும் செய்யாமல் கண்காணிப்பது ஒன்று. கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி இரண்டாவது. அறுவை சிகிச்சை மூன்றாவது. ஊசி போட வேண்டுமென்றால் குழாய் வெடித்திருக்கக் கூடாது, கருவுக்கு இதயத்துடிப்பு வந்திருக்கக் கூடாது, கட்டி சிறியதாக இருக்க வேண்டும், எச்சிஜி ரொம்ப ஏறியிருக்கக் கூடாது. 5,000க்கு மேல் போனால் ஊசி தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைவிட முக்கியம், எண் முழுதாக இறங்கும் வரை நாம் விடாமல் வந்து ரத்தம் கொடுப்போம் என்ற உறுதி. அது முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சையே நல்லது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு எல்லாம் பொருந்தியது, ஊசியைத் தேர்ந்தெடுத்தோம்.

சம்மதப் படிவத்தில் 'புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து' என்று படித்ததும் என் கணவருக்குக் கை நடுங்கிவிட்டது. வேகமாகப் பிரியும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அதன் வேலையைத் தடுத்துவிடுகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கணக்கு. புற்றுநோய்க்குத் தரும் அளவும் முறையும் வேறு, இதற்குத் தருவது உடலின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி. என்ற கணக்கில் தசையில் ஒரு ஊசி. பின்னர் இதைப் பற்றிப் படித்தபோது ஒன்று மனதில் தங்கியது. 1940களில் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரித்ததும், அதைத் தடுக்கும் இந்த மருந்தை உருவாக்கியதும் இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியல் அறிஞர் எல்லாப்ரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஒரே குழு. கருவை வளர்க்கும் மாத்திரையும் வளர்ச்சியை நிறுத்தும் ஊசியும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

ஊசிக்கு முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சோதித்தார்கள். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்த ஃபோலிக் அமில மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். போட்டால் ஊசியின் வேலை குறைந்துவிடும். சத்து மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் கூடாது, பாராசிட்டமால் போடலாம். மது கூடாது, கடும் வெயில் கூடாது, தாம்பத்தியம் கூடாது, கனம் தூக்கக் கூடாது. எனக்கு வாயில் புண்ணும் அடித்துப் போட்ட மாதிரி அசதியும் வந்தன. தாங்கக்கூடியதுதான்.

ஊசி போட்ட நாளை முதல் நாளாக எண்ணுகிறார்கள். நான்காம் நாள் எண் 1,310. ஏறிவிட்டதே என்று பதறிப் போனேன். நான்காம் நாள் ஏறுவது சகஜம் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரவு தூங்கியிருப்பேன். பார்க்க வேண்டியது நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே உள்ள இறக்கத்தை. அது 15 சதவீதமாவது இருக்க வேண்டும். எனக்கு ஏழாம் நாள் 1,190, அதாவது 9 சதவீதம்தான் இறங்கியிருந்தது. இரண்டாவது ஊசி போட்டார்கள். அதிலிருந்து நான்காம் நாள் 860. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அந்த நிம்மதியில் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் குழாய் வெடிக்கலாம்.

ஊசிக்குப் பிறகு சில நாள் வயிறு வலிக்கத்தான் செய்யும். கரு குழாயிலிருந்து பிரியும்போது வருகிற வலி அது. அதனால் எது சாதாரண வலி, எது ஆபத்தான வலி என்று பிரித்துப் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் வலது தோள்பட்டையின் நுனியில் ஒரு வலி. படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்தேன். தேய்த்துவிட்டால் போகவில்லை, படுத்தால் கூடியது. பிறகு மலம் வருகிற மாதிரி ஒரு முட்டல். கழிப்பறைக்குப் போனால் ஒன்றும் வரவில்லை. எழுந்தபோது கண் இருட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்தேன். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இப்போது காரணம் தெரிகிறது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்துக்கு அடியில் போய்த் தேங்கி உறுத்துகிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்பும் தோளின் உணர்வு நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், மூளைக்கு அது தோள் வலியாகத் தெரிகிறது. கர்ப்பப்பைக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் தேங்கிய ரத்தம் அழுத்துவதுதான் அந்த முட்டல். தோள் நுனி வலி, மலம் கழிக்கத் தோன்றும் உணர்வு, தலைசுற்றல், திடீரென்று கூடும் அடிவயிற்று வலி. கர்ப்பம் என்று தெரிந்து, கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது உறுதியாகாத எந்தப் பெண்ணுக்கும் இவற்றில் ஒன்று வந்தால்கூட அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். வெளியே ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. தானே வண்டி ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது.

என் கணவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தபோது, "காலையில டாக்டர் வந்ததும் போலாம், கொஞ்சம் படுக்க விடுங்க" என்றேனாம். எனக்கு நினைவில்லை. அவர் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் அவர் முதலில் சொன்ன வாக்கியம், "குழாயில் கரு, மெத்தோட்ரெக்ஸேட் ரெண்டு ஊசி போட்டிருக்கு, இப்ப மயக்கம் போட்டு விழுந்துட்டா." அந்த ஒரு வாக்கியத்தால் வரிசையில் நிற்கவே வேண்டியிருக்கவில்லை. நோயாளியால் பேச முடியாத நேரம் வரும். கூட இருப்பவருக்கு நோயின் பெயரும், மருந்தின் பெயரும், ரத்த வகையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தார்கள். வயிற்றில் மூன்று சின்ன வெட்டு. உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இருந்ததாம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். இடது குழாயை முழுதாக எடுத்துவிட்டார்கள். குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதில் கருத்திசு மிச்சம் தங்கி மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். மற்ற குழாய் நன்றாக இருந்தால், கெட்ட குழாயை எடுத்துவிடுவதால் அடுத்த கர்ப்ப வாய்ப்பில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்பதால் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த யோசனைக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்கள் ஆன்டி-டி ஊசி போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு அது முக்கியம். எனக்கு பாசிட்டிவ் என்பதால் தேவைப்படவில்லை.

உடம்பு மூன்று வாரத்தில் தேறிவிட்டது. மனசுக்குத்தான் நாள் பிடித்தது. 'நல்லவேளை, ஆரம்பத்துலயே போச்சு' என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்கள், புரிகிறது. ஆனால் எனக்கு அது போன கரு மட்டும் இல்லை. நான் சாகப் பார்த்தேன், ஒரு உறுப்பும் போய்விட்டது, இது மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்ற பயம், எல்லாம் ஒரே வாரத்தில். நாள் கணக்குப் போட்டு வைத்திருந்த பிரசவத் தேதி இன்னும் காலண்டரில் இருக்கிறது. இப்படி ஒருத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து 'அடுத்தது நல்லா வரும்' என்று ஆரம்பிக்காதீர்கள். அக்கா வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள். அது போதுமாக இருந்தது.

இரவில் தூக்கமே வராமல், கழிப்பறைக் கதவைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. மருத்துவரிடம் சொன்னபோது, இதுவும் சிகிச்சை தேவைப்படுகிற விஷயம்தான் என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். போனது நல்லதாகப் போயிற்று. என் கணவரும் ஒரு தடவை தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்னை அந்தக் கோலத்தில் தூக்கியவர் அவர்தானே.

அடுத்த கர்ப்பம் பற்றி மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு குழாய் போனாலும் மாதாமாதம் முட்டை வருவது நிற்காது. இடது சினைப்பையிலிருந்து வரும் முட்டையை வலது குழாய் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. இடம் மாறிய கர்ப்பம் வந்தவர்களில் சுமார் 65 சதவீதம் பேர் ஒன்றரை வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமாகிறார்கள். மறுபடி குழாயில் தங்கும் வாய்ப்பு 10 சதவீதம் போல. அதனால் அடுத்த முறை நாள் தள்ளினதுமே எச்சிஜி, ஆறாவது வாரத்தில் கரு எங்கே என்று பார்க்க ஸ்கேன். எங்கே போனாலும் முதல் வார்த்தையாக 'முன்னாடி எக்டோபிக், இடது குழாய் எடுத்தாச்சு' என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அறிக்கையைப் படம் பிடித்து என் போனிலும், கணவர் போனிலும், அக்கா போனிலும் வைத்திருக்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் போட்டவர்கள் கடைசி ஊசியிலிருந்து மூன்று மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. அந்த மூன்று மாதம் போன வியாழக்கிழமையோடு முடிந்தது. பாதியில் நிறுத்திய ஃபோலிக் அமில மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருந்தது. எட்டு மாத்திரை மீதி. காலாவதித் தேதியைப் பார்த்தேன், இன்னும் நாள் இருந்தது. மருத்துவரிடம் போன் செய்து கேட்டேன், தாராளமாக ஆரம்பிக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.